பூவாளங்குடி என்னும் குடும்பப் பெயர்

ராஸ் அல் கைமா
8.2.1976

அன்பும் வணக்கமும் உரிய அக்காவுக்கு,

தம்பி சிவசங்கரன் எழுதுவது. நான் சுகம். உங்கள் முழங்கால் வலி எந்த மட்டில் இருக்கிறது? இங்கே பிப்ரவரியிலும் காலையில் ஸ்வெட்டர் வேண்டியிருக்கிறது என்றால் நீங்கள் நம்பமாட்டீர்கள்.

குவாரியில் என்னை டைம்கீப்பர் ஆக்கிவிட்டார்கள். கல்லுடைக்கும் முந்நூறு பேரின் பெயரும் என் ரிஜிஸ்டரில்தான். சென்ற வாரம் பம்பாயிலிருந்து புது ஆட்கள் வந்து இறங்கினார்கள். அதில் ஏழு பேர் நம் ஊர்! அதைவிட வேடிக்கை, ஏழு பேருடைய பாஸ்போர்ட்டிலும் குடும்பப் பெயர் 'பூவாளங்குடி'. எனக்கு நீங்கள் பூர்த்தி செய்து தந்தீர்களே ஒரு விண்ணப்பம், அதைத் தஞ்சாவூர் ஏஜெண்ட் பத்திரமாக வைத்திருந்து, நம் ஊர்க்காரன் எவன் வந்தாலும் அதைப் பார்த்தே எழுதியிருக்கிறான். காலனி அம்மையப்பனுக்குக்கூட அதே பெயர்தான்.

எங்கள் குவாரி இன்ஜினீயர் அயர்லாந்துக்காரர், பிங்கிளாஸ் என்று பெயர். ரிஜிஸ்டரைப் பார்த்துவிட்டு, "உன்னோடு எட்டுப் பேர். உங்கள் அம்மாவை நினைத்தால் பாவமாக இருக்கிறது" என்றார். விஷயத்தைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார். பிங்கிளாஸ் என்பதும் ஓர் ஊர்தானாம், டப்ளின் பக்கத்தில். அந்த ஊரை அவரும் பார்த்ததில்லை, அவர் அப்பாவும் பார்த்ததில்லை. "அங்கே பிரபுவாக இருந்தோமா, பிரபுவின் மாட்டை மேய்த்தோமா, யாருக்குத் தெரியும்? கப்பல் ஏறிய பிறகு இருவருக்கும் ஒரே பெயர்தான்" என்றார்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் தம்பி,
சிவசங்கரன்


பூவாளங்குடி
3.3.1976

சிரஞ்சீவி சிவசங்கரனுக்கு,

உன் தமக்கை நாகவள்ளி நல்லாசி கூறி வரைவது. உன் மடல் கிடைக்கப் பெற்றேன். முழங்கால் தன் கடமையைச் செய்துவருகிறது. அதன் குறைகளை அதனிடமே பேசித் தீர்த்துக்கொள்கிறேன்.

நீ வேடிக்கை என்று எழுதிய செய்தி எனக்கு வேடிக்கையாக இல்லை. ஐந்தாம் வகுப்போடு பள்ளியினின்றும் நிறுத்தப்பட்டவள் நான். மளிகைப் பொட்டலம் கட்டிவந்த செய்தித்தாள்களும் அட்டை கிழிந்த ஓர் அகராதியுமே எனக்கு ஆசான்கள். அவற்றின் துணைகொண்டு அவ்விண்ணப்பத்தின் ஒவ்வொரு கட்டத்தையும் நானே நிரப்பினேன். குடும்பப் பெயர் என்னும் கட்டத்தில் இரண்டு நாள் தயங்கினேன். சாதிப் பட்டத்தை எழுதினால் ஜில்லாவில் பாதிப் பேர் உனக்குப் பங்காளியாவார்கள். நம் தந்தையார் பெயரோ தலைப்பெழுத்தாக முன்னரே நிற்கிறது. ஆதலின் ஊரின் பெயரை எழுதினேன். இவ்வூர்க் குளத்தை வெட்டியவர் நம் பாட்டனார். ஊர் வேறு நாம் வேறு அல்ல என்பதால் எழுதினேனேயன்றி, வருவோர் போவோர் எடுத்துச் சூடிக்கொள்வதற்காக அன்று.

சென்ற வியாழனன்று புதிய தபால்காரர் வெளிநாட்டு உறை ஒன்றைக் கொணர்ந்தார். அனுப்புநர், பூவாளங்குடி என்று ஆங்கிலத்தில் இருந்தது. நீதான் என எண்ணிப் பிரித்தேன். "வடிவுக்கு, நான் சொகம்" என்னும் முதல் வரியைக் கண்ட பின்னரே அது அம்மையப்பன் தன் மனைவிக்கு எழுதியது என அறிந்தேன். கூடவே ஒரு புகைப்படம். அதில் அவன் கால்சட்டை அணிந்து உன் தோள்மேல் கை போட்டு நிற்கிறான்.

அவன் மடல் வீட்டினுள் வந்ததற்காக நான் கூடத்தைக் கழுவவில்லை. நான் அத்தகையவள் அல்லள் என்பதை நீ அறிவாய். ஆயினும் இப்பெயர் அவனிடமிருந்து நீக்கப்பட வேண்டும். மற்ற அறுவர் நம் தெருக்களைச் சேர்ந்தவர்கள்; பொறுத்துக்கொள்ளலாம்.

உன் நலம் குறித்து எழுது.

நாகவள்ளி


ராஸ் அல் கைமா
11.4.1976

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். நான் சௌக்கியம். மூட்டுக்குத் தைலம் வாங்கி வைத்திருக்கிறேன்; யாராவது ஊர்ப்பக்கம் போனால் கொடுத்தனுப்புகிறேன்.

நீங்கள் எழுதிய விஷயம் லேசானதல்ல. பாஸ்போர்ட்டில் ஏறிய பெயரை இங்கிருந்து மாற்ற முடியாது. அது போக, அம்மையப்பன் இங்கே வேறு ஆளாக இருக்கிறான். வந்த அன்றைக்கு "சின்னய்யா" என்றான். கேம்ப்பில் எல்லோரும் "அண்ணே" என்பதைப் பார்த்து ஒரு மாதத்தில் அவனும் "அண்ணே" ஆனான். எனக்குக் காய்ச்சல் வந்து மூன்று நாள் கிடந்தபோது கஞ்சி வைத்துக் கொடுத்தவன் அவன்தான். அதை நான் குடித்தேன், அக்கா. எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன்.

அவனுக்கு அந்தப் பெயர் மேல் ஒரு பைத்தியம். டிரங்குப் பெட்டியின் மேல் பாகிஸ்தானி பெயிண்டரிடம் சொல்லிப் பெரிய இங்கிலீஷ் எழுத்தில் எழுதி வாங்கியிருக்கிறான். "எதுக்குடா இவ்வளவு பெருசா?" என்று ஒருவன் கேட்டான். "ஊருக்குள்ள செருப்பக் கையில தூக்கிக்கிட்டு நடந்தவன்டா நானு. இங்க வெள்ளக்காரன் 'மிஸ்டர் பூவாளங்குடி'ன்னு கூப்புடுறான். ஊரே எம் பேருல நடக்குது. சின்னதா எழுதச் சொல்றியா?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பிங்கிளாஸ் சொல்வது சரியென்றுதான் படுகிறது. ஊரில் இருப்பவனை யாரும் ஊர்ப் பெயரால் கூப்பிடுவதில்லை. ஊரை விட்டுப் போனவனுக்குத்தான் அந்தப் பெயர் தேவைப்படுகிறது என்றார்.

இப்படிக்கு,
சிவசங்கரன்


பூவாளங்குடி
25.5.1976

சிரஞ்சீவி சிவசங்கரனுக்கு,

ஆசிகள் பல. அக்கினி நட்சத்திரத்தின் வெம்மையிலும் இவ்வுயிர் நலமாகவே உள்ளது. அந்தப் பாலையில் நீ நீர்மோர் பருகுகிறாயா?

அயர்லாந்துக்காரருடைய தத்துவம் அயர்லாந்துக்கு ஆகட்டும். அவர் தம் தம்பிக்குப் பெண் தேடவில்லை.

கும்பகோணத்து ஓவர்சியர் கோபாலசாமியின் மகள் ஷியாமளாவை உனக்குப் பேசியிருந்தேன் அல்லவா? ஜாதகமும் பொருந்திற்று. சென்ற வாரம் அவர் நேரில் வந்தார். அவருடைய மைத்துனர் சீதாராமன் துபாயில் இருக்கிறாராம். "மாப்பிள்ளையின் உறவினர் ஒருவர், அதே குடும்பப் பெயர் உடையவர், அதே குவாரியில் கல் சுமக்கிறாரே, அவர் என்ன முறை?" என்று மைத்துனர் எழுதிக் கேட்டிருக்கிறார். என் கையிலிருந்த காப்பித் தம்ளரைக் கீழே வைத்துவிட்டுப் பதில் சொன்னேன். "அப்படி ஒருவர் எங்களுக்கு இல்லை" என்றேன். "எழுத்தில் இல்லை என்று தெரிந்தால் நிம்மதி" என்று சொல்லி எழுந்துவிட்டார்.

பாஸ்போர்ட்டை நீ தொட வேண்டாம். ரிஜிஸ்டர் உன் கையில் இருக்கிறது. அதில் அவனுடைய தகப்பன் பெயரை எழுது. அம்மையப்பன் கருப்பன். அது பொய்யன்று, அவன் தகப்பன் கருப்பன்தானே? எவருக்கும் தீங்கில்லாத மெய்யை எழுதுவதற்கு நீ ஏன் தயங்க வேண்டும்?

உன்னை வளர்த்தவள் கேட்கிறாள்.

நாகவள்ளி


ராஸ் அல் கைமா
19.6.1976

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். நலம்.

நீங்கள் சொன்னபடி ஆயிற்று. ரிஜிஸ்டரில் அம்மையப்பனுக்கு எதிரே இருந்த பூவாளங்குடியின் மேல் ஒரே கோடு போட்டுக் கருப்பன் என்று எழுதிவிட்டேன். அதைப் பார்த்துத்தான் கம்பெனி கார்டு அடிப்பார்கள். புதுக் கார்டும் வந்துவிட்டது. இனி அவன் எந்தக் காகிதத்திலும் நமக்கு உறவில்லை. கோபாலசாமி அவர்களுக்குத் தைரியமாகச் சொல்லுங்கள்.

கார்டைக் கொடுத்தபோது அவன் எழுத்துக் கூட்டிப் படித்தான். அவ்வளவுதான்.

சிவசங்கரன்


துபாய், அல் குசைஸ்
20.12.1977

அன்புள்ள அக்காவுக்கு,

நானும் ஷியாமளாவும் வணக்கத்துடன் எழுதுவது. கல்யாணத்தில் பார்த்ததைவிட நீங்கள் இளைத்துவிட்டதாக மாமனார் எழுதியிருந்தார். பால் வாங்கிக் குடியுங்கள்.

ஹெட் ஆபீசுக்கு மாற்றிவிட்டார்கள். இரண்டு அறை வீடு, ஏ.சி. உண்டு. பிங்கிளாஸும் இங்கேயே மேலாளராக வந்துவிட்டார்.

ஒரு சந்தோஷமான சேதி. உங்களுக்கு ஆங்கில அகராதி வாங்கியிருக்கிறேன். இரண்டு பாகம், தோல் அட்டை. ஜனவரி பத்தாம் தேதி அம்மையப்பன் லீவில் வருகிறான். மகளுக்குச் சடங்காம். அவன் கையில் கொடுத்தனுப்புகிறேன். கொல்லை வழியாகவே வந்து கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். நீங்கள் சங்கடப்பட வேண்டாம்.

சிவசங்கரன்


பூவாளங்குடி
14.3.1978

சிரஞ்சீவி சிவசங்கரனுக்கும் சௌபாக்கியவதி ஷியாமளாவுக்கும்,

ஆசிகள். இங்கு நலம், அங்கும் அவ்வாறே இருக்க இறைவன் துணை நிற்க.

அகராதி வரவில்லை. அதைக் கொணர வேண்டியவனும் வரவில்லை. அவன் மகளுக்கு நடக்கவிருந்த சடங்கு தகப்பனின்றி இருமுறை தள்ளிப் போயிற்று. வடிவு கொல்லைப் படலருகே வந்து நின்றாள். "சின்னய்யா ஏதும் எழுதுனாங்களாம்மா? பொழுதன்னைக்கும் பஸ்சப் பாத்துப் பாத்து எம்புள்ளைக்குக் கண்ணு பூத்துப் போச்சு" என்றாள். விசாரித்து எழுதுவதாகச் சொன்னேன்.

யாது நேர்ந்தது? உடனே தெரிவி.

நாகவள்ளி


பூவாளங்குடி
17.6.1978

சிவசங்கரனுக்கு,

உன் நலம் விழைகிறேன். மார்ச்சில் எழுதிய மடலுக்கு மறுமொழி இல்லை.

நேற்று வடிவு மூன்றாம் முறையாக வந்தாள். அவள் கணவனுடன் சென்ற நம் ஊர்க்காரர் ஒருவர் எழுதிய கடிதம் அவள் முந்தானையில் முடியப்பட்டிருந்தது. காலனியில் ஆங்கிலமும் தமிழும் வாசிக்கப் பிள்ளைகள் இல்லாமலில்லை. இருந்தும் என்னிடம் கொணர்ந்தாள். "நீங்க படிச்சா ஒரு எழுத்து உடாம படிப்பீங்கம்மா" என்றாள்.

உரக்கப் படித்தேன். அதில் இருந்தது இது: 'ஏர்போட்டில் அம்மையப்பனைப் பிடித்துவிட்டார்கள். கம்பெனி கொடுத்த பேப்பரில் கருப்பன் என்று இருக்கிறது. பாஸ்போர்ட்டில் பூவாளங்குடி என்று இருக்கிறது. வேறு ஆள் பாஸ்போர்ட்டைத் திருடிக்கொண்டு ஓடுகிறான் என்று ஜெயிலில் போட்டுவிட்டார்கள். நாங்கள் ஆறு பேரும் போய்ச் சொன்னோம். கம்பெனிக்காரர் வந்து சொல்ல வேண்டுமாம்.'

சிவசங்கரா, அந்த இரண்டாம் வரியையும் மூன்றாம் வரியையும் நான் வாசிக்கவில்லை. விட்டுவிட்டு நான்காம் வரிக்குத் தாவினேன். அவள் கைகூப்பிவிட்டுப் போனாள்.

நாற்பத்தாறு ஆண்டுகளில் எழுத்தை நான் ஏமாற்றியதில்லை. கம்பெனிக்காரன் நீ. ரிஜிஸ்டரில் கோடு போட்டவனும் நீ. சென்று சொன்னாயா, இல்லையா? ஒரு வரியில் எழுது.

நாகவள்ளி


துபாய், அல் குசைஸ்
22.8.1978

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். ஷியாமளாவுக்கு இது ஏழாம் மாதம். டாக்டர் எல்லாம் சரியாக இருப்பதாகச் சொன்னார். வெயில் நூற்றுப் பதினைந்துக்கு மேல் போகிறது. குழாயைத் திறந்தால் வெந்நீர். புளி அனுப்பியதற்கு ஷியாமளா நன்றி சொல்லச் சொன்னாள்.

ஒரு வரியில் எழுதச் சொன்னீர்கள். இல்லை. சொல்லவில்லை.

பிப்ரவரியில் போலீஸ் விசாரித்ததாகச் சொல்லிப் பிங்கிளாஸ் என்னைக் கூப்பிட்டார். "பூவாளங்குடி எட்டுப் பேர் அல்லவா? நான்கூடக் கேலி செய்தேனே" என்றார். "ஏழு பேர், சார்" என்றேன். "எனக்கு எட்டு என்று ஞாபகம்" என்றார். "ரிஜிஸ்டரைப் பாருங்கள், சார்" என்றேன். பழைய ரிஜிஸ்டர் ராஸ் அல் கைமா கிடங்கில் கிடக்கிறது. அதைத் தேடி யார் எடுக்கப் போகிறார்கள்? அதன் பிறகு அவர் கேட்கவில்லை.

உண்மையைச் சொன்னால் அன்றைக்கே எனக்குக் கலாஸ், கதை முடிந்தது. விசா போகும், வீடு போகும். ஏழு மாதக் கர்ப்பிணியை அழைத்துக்கொண்டு நான் எங்கே போக? அவனை எப்படியும் ஒரு நாள் விட்டுவிடுவார்கள். அங்கே மூன்று வேளை சாப்பாடு போடுகிறார்கள் என்று கேள்வி.

கோடு போட்டது என் கைதான். போடச் சொன்னது யார்? 'எவருக்கும் தீங்கில்லாத மெய்' என்று எழுதியது யார்? எல்லாக் கடிதத்தையும் நானும் வைத்திருக்கிறேன், அக்கா.

சிவசங்கரன்


பூவாளங்குடி
9.9.1978

சிவசங்கரனுக்கு,

ஷியாமளா நலமே பெற்றுப் பிழைக்க வேண்டும் என நாள்தோறும் வேண்டுகிறேன். இது சடங்குக்காக எழுதும் வாக்கியம் அன்று.

நீ வினவியது முறையே. போடச் சொன்னவள் நான். அதற்கும் முன்னர் அப்பெயரை முதன்முதலில் ஒரு கட்டத்தில் எழுதியவளும் நான். என் கையெழுத்தைப் பார்த்துப் படியெடுத்ததன்றி அந்த ஏஜெண்ட் வேறொன்றும் அறியான். என் பேனாவிலிருந்து புறப்பட்டது எட்டுப் பேருக்குப் பரவியது. ஒருவனிடமிருந்து மட்டும் அதைத் திரும்பப் பெற எண்ணினேன். பெயர் வந்துவிட்டது, ஆள் சிறைக்குப் போய்விட்டான்.

நானும் கடிதங்களை வைத்திருந்தேன். நாள் வாரியாக, நூலிட்டுக் கட்டி. 19.6.1976 நாளிட்ட உன் கடிதம் இப்போது அக்கட்டில் இல்லை. 'ஒரே கோடு போட்டு' என்று நீ எழுதிய கடிதம். அதையும், அதன் ஆங்கில மொழிபெயர்ப்பையும், அதைச் செய்யத் தூண்டியவள் நானே என்னும் என் வாக்குமூலத்தையும் இன்று காலை பிங்கிளாஸ் அவர்களுக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். அட்டை கிழிந்த அகராதியைக் கொண்டு எழுதியதால் பதினொரு நாள் ஆயிற்று.

அவர் அதைப் பெறுவதற்கு எட்டு நாளாவது ஆகும். இம்மடல் உனக்கும் அவ்வளவில் கிடைக்கும். அதற்குள் நீயே சென்று சொல்லிவிட்டால் என் கடிதம் தேவையற்றதாகிவிடும். அவ்வாறே ஆக வேண்டுகிறேன்.

நாகவள்ளி


மஸ்கட்
28.1.1979

நாகவள்ளி அக்காவுக்கு,

நான் போய்ச் சொல்லவில்லை. உங்கள் கவர் முந்திக்கொண்டது. பிங்கிளாஸ் ஆள் அனுப்பி ரிஜிஸ்டரைத் தேடி எடுத்து வரச் சொன்னார். அதையும் உங்கள் கடிதத்தையும் என் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். "உன் அக்காவின் இங்கிலீஷ் மிக நன்றாக இருக்கிறது" என்றார். வேலை போயிற்று. பத்து நாளில் பம்பாய்க்கு டிக்கெட்.

மகள் கும்பகோணத்தில் பிறந்தாள். நளினி. உங்களுக்கு யாரும் எழுதியிருக்க மாட்டார்கள். நான்தான் வேண்டாம் என்றேன்.

பம்பாயில் புதுப் பாஸ்போர்ட் எடுத்தேன். குடும்பப் பெயர் கட்டத்தில் அப்பா பெயர். சிவசங்கரன் இராமலிங்கம். என் மகளும் அதையே போட்டுக்கொள்வாள். மற்ற ஆறு பேரும் பயந்துபோய், லீவில் ஊர் போகும்போது தத்தம் தகப்பன் பெயருக்கு மாறிக்கொண்டிருக்கிறார்கள்.

அம்மையப்பனை விட்டுவிட்டார்கள். கம்பெனியே லீவு டிக்கெட்டும் திரும்ப வேலையும் கொடுத்ததாம். அவன் பாஸ்போர்ட்டில் ஒரு எழுத்தும் மாறவில்லை. இனி இந்த வளைகுடாவில் பூவாளங்குடி என்று இருக்கப்போகிறவன் அவன் ஒருவன்தான். நம் பாட்டனார் வெட்டிய குளத்தோடு சேர்த்து வைத்துக்கொள்ளட்டும்.

பதில் எழுத வேண்டாம்.

சிவசங்கரன் இராமலிங்கம்


பூவாளங்குடி
2.3.1979

சிரஞ்சீவி சிவசங்கரனுக்கு,

பதில் வேண்டாம் என்றாய். இது பதில் அன்று, நிகழ்ந்ததை அறிவிப்பது. நளினியின் ஜாதகத்தை எவரும் எனக்கு அனுப்பவில்லை. அவள் நலமாக இருப்பாள் என்றே கொள்கிறேன்.

அகராதி வந்து சேர்ந்தது. அம்மையப்பன் கொணர்ந்தான். கொல்லை வழியாக வரவில்லை. காலில் செருப்புடன் தெரு வழியாக நடந்து வந்து வாசற்படிக்குக் கீழே நின்றான். தலை பாதி நரைத்துவிட்டது. "ஜெயிலுக்குள்ள சாமானெல்லாம் புடுங்கிட்டாங்கம்மா. இது பொஸ்தகம், படிக்கிற சாமான்னு அழுது மன்றாடி வெச்சுக்கிட்டேன். ஒரு தாளு மடங்கல, பாத்துக்குங்க" என்றான். மடங்கவில்லை. என் கடிதத்தைப் பற்றி அவன் அறிவானா என்பதை நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. உன்னைப் பற்றி மட்டும் கேட்டான். "அண்ணனுக்கு என்ன கொழந்தம்மா?" என்றான். பெண் என்றேன்.

பிறகு தன் தம்பி வேலுச்சாமியைக் காட்டினான். அவனுக்கும் விசா வந்திருக்கிறதாம். விண்ணப்பத்தை நீட்டி, "ஏஜெண்டுகிட்ட போவலம்மா. நீங்களே எளுதிக் குடுங்க. எம் பேரு மாரியே இருக்கணும், ரெண்டு எடத்துல ரெண்டு விதமா இருக்கப்புடாது" என்றான்.

உன் அகராதியின் மேல் தாளை வைத்து எழுதினேன். குடும்பப் பெயர் என்னும் கட்டத்தில் இம்முறை தயங்கவில்லை. பூவாளங்குடி என்று, ஒவ்வோர் எழுத்தும் தனித்தனியே நிற்குமாறு எழுதினேன்.

எழுதி முடிக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. மாசி வெயில். அவ்வளவு நேரமும் அண்ணனும் தம்பியும் படிக்குக் கீழேயே நின்றிருந்தார்கள். மேலே வந்து உட்காருங்கள் என்று நான் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று இருமுறை நிமிர்ந்து பார்த்தேன். இருமுறையும் குனிந்து எழுதினேன்.

உன் தமக்கை,
நாகவள்ளி